மூஞ்சூறின் காதுக்குள் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருப்பது என்ன?

வேலிக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் குடியாத்தம் பக்கம், மலையடிவாரம். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை, அதைத் தாண்டினால் வேலிக்காத்தானும் கோரையும் மண்டிக் கிடக்கும் ஒரு மேடு. இன்று காலை எங்கள் பூனை ஒரு மூஞ்சூறைக் கவ்விக்கொண்டு வந்து திண்ணையில் போட்டது. நாற்றம் தாங்காமல் தின்னாமல் விட்டுவிட்டது போல. உடம்பில் சூடு இன்னும் இருந்தது.

அப்புறப்படுத்தக் குனிந்தபோதுதான் பார்த்தேன். காது மடலின் உள்மடிப்பில், ரவையைவிடச் சின்னதாக, குங்குமப்பூ நிறத்தில் பத்துப் பதினைந்து பொட்டுகள். கொத்தாக ஒட்டவைத்த மாதிரி இருந்தன. ஈர்க்குச்சியால் தள்ளிப் பார்த்தேன், ஒன்றுகூட நகரவில்லை. அதே நேரம் வயிற்று மயிரில் பழுப்பு நிறத்தில் வேறொன்று விறுவிறுவென்று ஓடி ஒளிந்தது. இரண்டும் ஒரே பூச்சியா? வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், மாடு கன்று இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

கடைமடை:

உண்ணிதான், வேறென்ன. நாய்க்கும் மாட்டுக்கும் பிடிப்பது எலிக்கும் பிடிக்கும். எங்கள் டெல்டா பக்கம் அறுவடை நேரத்தில் எலிகளைப் பார்த்தால் காது ஓரமெல்லாம் இப்படித்தான் இருக்கும். எலி மருந்து வாங்கி வளையெல்லாம் வையுங்கள், எலி போனால் உண்ணியும் போய்விடும்.

கண்ணாடிவில்லை:

தம்பி வேலிக்கொடி, முதலில் அந்தக் காதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, காதைக் கத்தரிக்கோலால் நறுக்கி, மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு வையுங்கள். தேதியும் இடமும் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

நான் பூச்சியியல் பிரிவில் 26 வருடம் எலி சீவிய ஆள். சீவுவது என்றால் நிஜமாகவே சீவுவதுதான். பொறியில் விழுந்த எலியைத் துணிப்பையோடு மயக்க மருந்து ஜாடிக்குள் வைப்போம். அடங்கியதும் வெள்ளை எனாமல் தட்டில் கிடத்தி, பல் துலக்கும் பிரஷ்ஷால் எதிர்மயிராகச் சீவுவோம். தெள்ளுப்பூச்சிதான் முதலில் விழும், விழுந்த வேகத்தில் குதிக்கும். பேன் அப்படி வராது, மயிரைப் பிடித்துக்கொண்டு மயிரோடுதான் வரும். அதன் முட்டை மயிரில் பசை போட்டு ஒட்டியிருக்கும், நம் தலை ஈர் மாதிரியே. ஒரு வகை விலங்கின் பேன் பெரும்பாலும் அந்த வகையோடே வாழ்ந்து சாகும், அதனால் பெருச்சாளிப் பேன் நம் தலைக்கு ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மயிருக்குள் ஓடிய பழுப்பு, அநேகமாக லீலாப்ஸ் வகைப் பூச்சி. அது உடம்பிலும் வளையிலும் மாறி மாறி இருக்கும். சீவினால் தட்டில் எள்ளுப்பொடி தூவின மாதிரி நிறைய விழும்.

காதில் ஒட்டியிருப்பது வேறு. அது உண்ணி இல்லை. விவசாயத்தில் செம்பேன், சிலந்திப்பேன் என்று சொல்கிறோமே, அந்தப் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. நாங்கள் சிகர் என்போம். அதிலும் நீங்கள் பார்த்தது குட்டிப் பருவம் மட்டும். பசியோடு இருக்கும்போது 0.2 மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். தின்று ஊதியதால்தான் உங்கள் கண்ணில் பட்டது. குட்டிக்கு ஆறு கால், வளர்ந்த பிறகு எட்டு. வளர்ந்ததை எந்த எலியின் மேலும் பார்க்க முடியாது, ஏனென்றால் அது மண்ணுக்குள் வாழ்ந்து பூச்சி முட்டைகளைத் தின்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, குட்டியாக இருக்கும்போது மட்டும், ஒரு விலங்கின் மேல் ஏறுகிறது. மூன்று நான்கு நாள் ஒட்டியிருந்து தின்றுவிட்டு இறங்கிவிடுகிறது.

அந்த ஆரஞ்சு நிறம் ரத்தமும் இல்லை. இது ரத்தம் குடிப்பதே இல்லை. எச்சிலைத் தோலுக்குள் விட்டு சதையைக் கரைத்து, அந்தச் சாற்றை உறிஞ்சுகிறது. எச்சிலே உறைந்து ஒரு குழாயாகத் தோலுக்குள் நின்றுவிடும். ஈர்க்குச்சிக்கு அசையாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

வேலிக்கொடி:

ஐயா, நன்றி. காதை நறுக்கிக் குப்பியில் போட்டாயிற்று, மீதியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். ஒரு சந்தேகம். உடம்பு முழுக்க இடம் இருக்க, ஏன் காதிலேயே கூடியிருந்தது?

கண்ணாடிவில்லை:

காதுக்குள் மயிர் குறைவு, தோல் மெல்லிசு. அதைவிட முக்கியமான விஷயம், எலியோ மூஞ்சூறோ தன் உடம்பை நக்கியும் பல்லால் கோதியும் சுத்தம் செய்துகொள்ளும், காதின் உள்மடிப்புக்கு மட்டும் வாய் எட்டாது. பின்னங்காலால் சொறியலாம், இவ்வளவு சின்னதைச் சொறிந்து எடுக்க முடியாது. புதிதாக ஒரு இடத்துக்கு ஆய்வுக்குப் போனால் எலியைப் பிடித்ததும் நாங்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது காதைத்தான். காதில் சிகர் இருந்தால் அது நடமாடும் புல்தரையிலும் இருக்கிறது என்று பொருள். மூஞ்சூறு வெகுதூரம் போகாது, ஆகவே உங்கள் மேட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மழைப்புழுதி:

இந்த இழையைப் படித்ததும் தம்பலப்பூச்சி ஞாபகம் வந்தது. முதல் மழைக்கு மறுநாள் செம்மண்ணில் ரத்தச் சிவப்பாக, வெல்வெட் துணி போர்த்திய மாதிரி ஊர்ந்து வருமே, தீப்பெட்டியில் பிடித்து வைப்போமே, அது. பழந்தமிழில் மூதாய் என்று பெயர். அதுவும் இந்தக் கூட்டமா ஐயா?

கண்ணாடிவில்லை:

நெருங்கிய சொந்தம். தம்பலப்பூச்சியின் குட்டி பூச்சிகளின் மேல் ஒட்டிப் பிழைக்கும், சிகரின் குட்டி எலி, மூஞ்சூறு, பறவை என்று ஏறும், அதுதான் வித்தியாசம். வளர்ந்த சிகரை உருப்பெருக்கியில் பார்த்தால் குட்டித் தம்பலப்பூச்சி போலவே உடம்பெல்லாம் மயிரோடு, நடுவில் இடுப்பு ஒடுங்கி 8 என்ற எண் மாதிரி இருக்கும். தம்பலப்பூச்சியைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படத் தேவையில்லை. அது கடிக்காது, காய்ச்சலும் தராது.

இரவுப்பணி:

நான் செவிலியர். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கடைமடை அண்ணா "உண்ணி" என்று எழுதியது அவர் தவறு இல்லை. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலுக்குப் பத்திரிகைகளே "உண்ணிக் காய்ச்சல்" என்றுதான் போடுகின்றன. அந்தப் பெயரால் என்ன நடக்கிறது தெரியுமா? "வீட்டில் நாய் இருக்கிறதா, மாட்டில் உண்ணி இருக்கிறதா" என்று கேட்டால் நோயாளி இல்லை என்று சொல்வார், விஷயம் அதோடு முடிந்துவிடும். "புல் அறுத்தீர்களா, புதர்ப்பக்கம் ஒதுங்கினீர்களா, சுள்ளி பொறுக்கினீர்களா" என்று யாரும் கேட்பதில்லை. உண்ணியால் வரும் காய்ச்சல் வேறு இருக்கிறது. 1957-இல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்தார்களே, அந்தக் குரங்குக் காய்ச்சல், அதுதான் உண்ணி பரப்புவது. ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது இந்தக் காதுப் பூச்சியின் இனம்.

ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எங்கள் வார்டில் இது இல்லாத வாரம் கிடையாது. ஒரு அம்மாவை மறக்கவே முடியாது. நாற்பது வயதிருக்கும், மாட்டுக்குப் புல் அறுப்பவர். வெளியில் ஒரு மருத்துவமனையில் டைபாய்டு என்று சொல்லி ஊசி மேல் ஊசி போட்டிருக்கிறார்கள். எங்களிடம் வந்தது ஒன்பதாவது நாள், மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். படுக்கை மாற்றும்போது பாவாடை நாடா இறுகும் இடத்தில் ஒரு புண்ணைப் பார்த்தேன். பீடி நெருப்பால் சுட்ட மாதிரி நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். "எத்தனை நாளா இருக்கும்மா?" என்றேன். "அங்க ஒண்ணும் இல்லையே" என்றார். அவருக்கே தெரியவில்லை. வலிக்காது, அரிக்காது, பிறகு எப்படித் தெரியும்?

பூச்சி காலில் ஏறி மேலே போய், துணி இறுகும் இடத்தில் நின்று கடிக்கிறது. இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில், முழங்காலுக்குப் பின்னால். வியர்வை ஈரம் உள்ள இடத்தில் பொருக்கு கறுப்பாகவே இருக்காது, மஞ்சளாக ஆழமில்லாத புண் மாதிரி இருக்கும். பெண்கள் கூச்சத்தால் காட்டமாட்டார்கள், ஆண் மருத்துவர் கேட்கவும் தயங்குவார். புல்தரைக்குப் போய் வந்த 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி வந்தால் குளியலறையில் கண்ணாடி வைத்து முழு உடம்பையும் பாருங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை போதும். நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். பென்சிலின் வகை ஊசிகள் இதற்கு வேலை செய்யாது, கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பிடித்துவிடும். தீவிர நிலைக்கு வந்தவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுவது ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்லது என்று வேலூர் சிஎம்சி தலைமையில் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நம் ஊர் நோய்க்கு நம் ஊரிலிருந்தே பதில் வந்ததில் எனக்குப் பெருமை. தடுப்பூசி இன்னும் இல்லை.

கடைமடை:

தங்கச்சி சொன்னதைப் படித்து அதிர்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் இப்படிக் காய்ச்சல் வந்து போனவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் நாற்று நடும்போது தண்ணீரில் நின்றதால் என்று நினைத்தோம். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. மூல காரணம் எலிதானே? வருஷா வருஷம் கிட்டி வைக்கிறோம், ஒரே ராத்திரியில் மூட்டைக் கணக்கில் விழும். காலையில் கையாலேயே பொறுக்கிச் சாக்கில் போடுவோம். எலியை ஒழித்துவிட்டால் முடிந்ததா இல்லையா?

கண்ணாடிவில்லை:

முடியாது. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரப் டைபஸ் கிருமியை எலியிடமிருந்து பூச்சி வாங்கி நமக்குக் கொடுக்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு பூச்சி வாழ்நாளில் ஒரு தடவைதான் கடிக்கிறது. எலியிடம் வாங்கினாலும் இன்னொருவருக்குக் கொடுக்க அதற்கு இரண்டாவது கடி கிடையாது. கிருமி தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குட்டிக்குப் போகிறது, பரம்பரை பரம்பரையாக. நோயின் கருவூலம் அந்தப் பூச்சியேதான். எலி அதற்குச் சாப்பாடு, அப்புறம் வண்டி. அவ்வளவுதான். எலியைக் கொன்ற மறுநாளும் மண்ணில் குட்டிகள் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். எலி வரவில்லை என்றால் அடுத்து வருவது உங்கள் கால்.

பிளேக்கில் இந்தப் பாடத்தை நம் நாடு உயிரைக் கொடுத்துப் படித்தது. 1896-இல் பம்பாயில் பிளேக் வெடித்தபோது அது எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது. 1898-இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோய் கண்ட எலியை அதன் தெள்ளுப்பூச்சிகளோடு ஒரு ஜாடிக்குள் விட்டு, நல்ல எலியைக் கம்பிவலைக் கூண்டில் அதற்குள்ளேயே தொங்கவிட்டார். எலியும் எலியும் தொட்டுக்கொள்ள வழியில்லை, தெள்ளு மட்டும் தாவலாம். நல்ல எலிக்கும் பிளேக் வந்தது. அப்போதும் பலர் நம்பவில்லை. பல வருடம் கழித்து பம்பாயில் பிளேக் குழு, பிளேக் வீடுகளுக்குள் கினிப் பன்றிகளைக் கூண்டில் வைத்துச் சோதித்தது. சுற்றிலும் பசைத்தாள் விரித்த கூண்டு தப்பித்தது, பசைத்தாளில் தெள்ளுகள் ஒட்டிக் கிடந்தன. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்து ஜனங்கள் பட்ட பயத்தை அந்தப் பெயரிலேயே பார்க்கலாம்.

எலி செத்து உடம்பு சில்லிட ஆரம்பித்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கிவிடும், சூடான இன்னொரு உடம்பைத் தேடும். அதனால்தான் பிளேக் ஒழிப்பில் முதலில் வளையில் பூச்சிமருந்து தூவித் தெள்ளைக் கொல்வார்கள், பிறகுதான் எலியைத் தொடுவார்கள். ஒரு எலிக்குச் சராசரியாக எத்தனை தெள்ளு என்று எண்ணுவார்கள், அது ஒன்றைத் தாண்டினால் ஆபத்துக் கோடு. எலியின் எண்ணிக்கையைவிட அதன் மேல் உள்ளவற்றின் எண்ணிக்கையைத்தான் அவர்கள் கவனித்தார்கள். எலிக்கூடுகளில் வாழும் வெப்பநாட்டு எலிப்பூச்சி என்று ஒன்று இருக்கிறது, எலி செத்துப்போனால் அது நம்மைக் கடிக்க வரும். பரணில் எலி மருந்து வைத்த வீட்டில் அடுத்த வாரம் எல்லோருக்கும் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையைக் கொளுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைமடை தம்பி, கிட்டியை விடச் சொல்லவில்லை. நெல்லைக் காப்பாற்ற வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் விழுந்த எலியை வெறும் கையால் பொறுக்காதீர்கள். இடுக்கியோ கவரோ போதும். சாக்கை வீட்டுத் திண்ணையில் வைக்காமல் வயலிலேயே புதையுங்கள்.

முகட்டுக்கூடு:

இழை கொஞ்சம் விலகும், மன்னியுங்கள். சின்ன விலங்கின் மேல் வாழ்வன என்றால் வௌவாலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழைய கோயில் மண்டபங்களில் வௌவால் பார்க்கப் போவது என் வழக்கம். ஒரு தடவை கீழே விழுந்து கிடந்த ஒன்றைத் துணியில் எடுத்தபோது அதன் மயிருக்குள் சிலந்தி மாதிரி ஒன்று பக்கவாட்டில் ஓடியது. எண்ணிப் பார்த்தால் ஆறு கால். அது ஈ. சிறகே இல்லாத ஈ! தலையை முதுகுப் பள்ளத்தில் மடக்கி வைத்துக்கொண்டு மயிரை நீந்துகிற மாதிரி கடந்தது. தாய் ஈ முட்டை போடாது. குட்டிப்புழுவை வயிற்றுக்குள்ளேயே ஊட்டி வளர்த்து, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றாக, வௌவால் தொங்கும் சுவரில் கொண்டுபோய் ஒட்டிவிட்டுத் திரும்பும். இறக்கைத் தோலில் வட்டமாக ஒட்டியிருக்கும் பூச்சிகள் தனி இனம். வௌவாலை வெறும் கையால் தொடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடலிநிழல்:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கமும் மாரி மழை தொடங்கினால் இந்தக் காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரியில டொக்டர்மார் உடம்பில கறுப்புப் பொருக்கு இருக்கோ என்று தேடித்தான் பார்ப்பினம். வயலில் அகிழான் (வயல் எலி) கிண்டின வரம்பில் இருந்துதான் நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறது. இனி அதில இருக்க மாட்டன். ஐயாவிடம் ஒரு கேள்வி: பூச்சி இந்த இடத்தில் இருக்கா இல்லையா என்று எலி பிடிக்காமல் அறிய வழி உண்டோ?

கண்ணாடிவில்லை:

உண்டு. கறுப்புத் தட்டு முறை. வழவழப்பான கறுப்புப் பலகையைப் புல் ஓரத்தில் மண்ணோடு படியும்படி வையுங்கள். ஐந்து பத்து நிமிடம் கழித்துக் குனிந்து பாருங்கள். இருந்தால் வெளிறிய இளஞ்சிவப்புப் புள்ளிகள் நகர்ந்து பலகையின் விளிம்பில் கூடும். நாம் விடும் மூச்சுக்காற்றை உணர்ந்து வருகின்றன. பேன்ட்டைக் காலுறைக்குள் விட்டு, காலில் பூச்சிவிரட்டி தடவிக்கொண்டு செய்யுங்கள். முடிந்ததும் நேராகப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வேண்டும், போட்டிருந்த துணி சுடுதண்ணீருக்கு.

ஒன்று நினைவிருக்கட்டும். சிகர் வயல் முழுக்கப் பரவி இருக்காது. இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு. நிழலும் ஈரமும் எலி நடமாட்டமும் சேர்ந்த இடத்தில் குவிந்திருக்கும், நாலடி தள்ளினால் ஒன்றுமே இருக்காது. புல்லை ஒட்ட வெட்டி வெயில் மண்ணில் படும்படி செய்தால் அந்தத் திட்டு காயும்.

வேலிக்கொடி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பையனின் பழைய சிலேட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குப் போனேன். கொட்டகை ஓரம் மூன்று இடம், வைக்கோல் போரடியில் இரண்டு இடம், ஒன்றும் இல்லை. மேட்டின் தென்பக்கம், கோரைக்கும் வேலிக்காத்தானுக்கும் நடுவில் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சிலேட்டின் மரச்சட்டத்தை ஒட்டி ஏழு புள்ளிகள். முதலில் தூசி என்றுதான் நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன், நகர்ந்தன. ஈரப் பஞ்சால் ஒற்றி அதே மாதிரி இன்னொரு குப்பியில் போட்டிருக்கிறேன்.

சொல்ல மறந்த விஷயம் ஒன்று. போன கார்த்திகையில் என் அத்தை இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்து பிழைத்தார். என்ன காய்ச்சல் என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. நேற்று இரவு அவரிடம் கேட்டேன், அந்த வாரம் எங்கே புல் அறுத்தீர்கள் என்று. தென்பக்கம்தான் என்றார். தொடையில் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்ததாகவும், முள் கிழித்தது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

கண்ணாடிவில்லை:

அத்தைக்கு இருந்தது அதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்ல நமக்கு வழி இல்லை. ஆனாலும் இந்த வருடம் அவரை அந்தப் பக்கம் விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகப் புல் அறுத்ததைச் சொல்லட்டும். எல்லாச் சிகரும் நோய் கடத்துவதில்லை. இனம் பிரிக்க முதுகுத் தகட்டைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் முக்கியமாகக் கடத்தும் லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸுக்கு அந்தத் தகட்டில் ஐந்து முள்மயிரும், நூல் மாதிரி நீண்ட இரண்டு உணர்மயிரும் இருக்கும். கண்ணாடித் தகட்டில் ஏற்றினால்தான் தெரியும். என்னிடம் நுண்ணோக்கி இருக்கிறது. இரண்டு குப்பியும் வேண்டும், காது தனி, சிலேட்டு தனி. கலந்துவிடாதீர்கள்.

இரவுப்பணி:

மூஞ்சூறுகளுக்கு விஷம் வைத்துவிடாதீர்கள் வேலிக்கொடி. கரப்பானையும் பூச்சியையும் தின்று திரிகிற பிராணி, பிள்ளையார் வாகனம் வேறு. பையன் துணியைப் புல்மேல் காயப்போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிட்டுக் கொடி கட்டுங்கள்.

வேலிக்கொடி:

கொடி கட்டியாயிற்று அக்கா. விஷம் வைக்கவில்லை. கோரையை அறுத்து எரிக்க நாளைக்கு ஆள் வருகிறார். அவருக்கு முழுக்கால் பேன்ட், காலுறை, பூச்சிவிரட்டி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், வேலை முடிந்ததும் குளிக்க சுடுதண்ணீரும் போடச் சொல்லிவிட்டேன். கன்றுக்குட்டியை வடபக்கம் மாற்றிக் கட்டியிருக்கிறோம். ஐயா, குப்பிகளைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வருகிறேன், தகட்டில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.